பெங்குவினுக்கு வேர்க்குமா?

அக்னி நட்சத்திரம். மத்தியானம் ரெண்டு மணி. சைதாப்பேட்டையில் கரண்ட் இல்லை. ஓலை விசிறியை வலது கையிலிருந்து இடது கைக்கு நான் மாற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அஞ்சாம் கிளாஸ் போகப்போகும் என் பேத்தி வந்து நின்றாள். ஒரு கையில் சார்ட் பேப்பர். இன்னொரு கையில், பூஜை அலமாரியிலிருந்து பாட்டிக்குத் தெரியாமல் கிளப்பிக்கொண்டு வந்த பஞ்சு ரோல்.

"தாத்தா, லீவு ஹோம்வொர்க். 'பெங்குவின் வகைகளும் அவை வாழும் விதமும்.' டீச்சர் அஞ்சாறு வகையாவது எழுதணும்னு சொல்லியிருக்காங்க."

"பெங்குவின்ல என்னம்மா வகை? கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. ஹைகோர்ட் வக்கீலுங்க மாதிரி எல்லாம் ஒரே தினுசாத்தான் இருக்கும். சுத்தி ஐஸ். பஞ்சை ஒட்டு, வேலை முடிஞ்சுது."

அவள் பஞ்சை ஒட்டவில்லை. என் முதுகில் ஓடிய வியர்வையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"தாத்தா, பெங்குவினுக்கு வேர்க்குமா?"

"ஐஸ்ல இருக்கிறதுக்கு எதுக்கு வேர்க்கணும்?"

"அப்ப மும்பைல சித்தப்பா நமக்குக் காட்டினாரே, அது?"

மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ரொம்ப நாள் பழக்கமான பெங்குவின் ஒன்றே ஒன்றுதான். பூங்காக்களில் வாயைப் பிளந்துகொண்டு, வயிற்றில் 'யூஸ் மீ' என்று எழுதிக்கொண்டு நிற்குமே, அந்தக் குப்பைத் தொட்டி! அதன் வாயில் சுண்டல் பொட்டலக் காகிதத்தைப் போட்டதைத் தவிர அந்தப் பறவை இனத்தோடு எனக்கு வேறு கொடுக்கல் வாங்கல் கிடையாது.

பேத்தியிடம் தோற்கலாமா? மறுநாளே கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். (அங்கே ஏ.சி. உண்டு என்பதும் ஒரு காரணம். வீட்டில் சொல்லவில்லை.) ரெண்டு நாள் படித்ததில், என் அறுபது வருஷத்துப் பெங்குவின் ஞானம் மொத்தமும் அந்தக் குப்பைத் தொட்டிக்குள்தான் போக வேண்டியிருந்தது.

நம்மைவிட 'சூடான' இடத்தில்!

பெங்குவினில் மொத்தம் 18 வகை என்பது பரவலான கணக்கு. ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துச் சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. இதில் அண்டார்க்டிகா நிலப்பரப்பில் குடும்பம் நடத்துவது முக்கியமாக நாலு வகைதான். எம்பரர், அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ. மற்றதெல்லாம் நியூஸிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா, சிலி, பெரு என்று ஊர் ஊராக, தீவு தீவாகக் குடியிருக்கின்றன. பல வகைகள் ஆயுசில் ஐஸைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொரு அதிர்ச்சி. காலபாகஸ் தீவுகள் பூமத்திய ரேகை மேலேயே இருக்கின்றன. நம் சென்னை அந்த ரேகையிலிருந்து 13 டிகிரி வடக்கே. அதாவது, மேப்பை வைத்துப் பார்த்தால் காலபாகஸ் பெங்குவின் நம்மைவிடச் சூடான அட்ரஸில் இருக்கிறது!

எப்படித் தாக்குப் பிடிக்கிறது? ரகசியம் தரையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கேயிருந்து வடக்கே ஒரு குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. 1802-ல் அதன் குளிர்ச்சியை அளந்து பார்த்த ஜெர்மன்காரர் ஹம்போல்ட்டின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். காற்று மேல் தண்ணீரைக் கரையைவிட்டுத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து ஜில்லென்ற தண்ணீர் மேலே வருகிறது. அதோடு கடலடிச் சத்தும் வருகிறது. அதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அவற்றைத் தின்ன நெத்திலி, நெத்திலியைத் தின்னப் பெங்குவின். நம் மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கிறார்களே, அந்த நெத்திலியின் பெரு நாட்டுச் சொந்தக்காரன்தான்!

ஆக, பெங்குவின் ஐஸ் பறவை இல்லை. மீன் பறவை. எங்கே குளிர்ந்த தண்ணீரும் கூட்டமாக மீனும் இருக்கிறதோ, அங்கே அது இருக்கும். கரையில் பாலைவனமாக இருந்தாலும் கவலையில்லை. பெரு, சிலி கரையோரம் ஹம்போல்ட் பெங்குவின்கள் கள்ளிச்செடி பக்கத்தில் குழி தோண்டிக் குடியிருக்கின்றன.

பைகுல்லாவில் எட்டுப் பேர்

பேத்தி சொன்ன மும்பைப் பெங்குவின் இந்த ஹம்போல்ட் ஜாதிதான். 2016 ஜூலையில் தென் கொரியாவின் சியோலிலிருந்து எட்டுப் பெங்குவின்கள் பைகுல்லா மிருகக்காட்சி சாலைக்கு விமானத்தில் வந்து இறங்கின. அந்த அக்டோபரிலேயே ஒன்று செத்துப்போய்ப் பெரிய சர்ச்சை ஆயிற்று. 2017 மார்ச்சில் மற்ற ஏழையும் ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அஞ்சு ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணம் அதே வருஷம் பெரியவர்களுக்கு ஐம்பது ஆயிற்று. 2018 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று, ஒரு குஞ்சு பொரித்தது. இந்தியாவில் பிறந்த முதல் பெங்குவின்! ஒரே வாரத்தில் அது இறந்துபோனது. அதற்கப்புறம் பிறந்த பல குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்துவிட்டன.

சின்னவன் வீட்டுக்குப் போயிருந்தபோது நாங்களும் பார்த்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 'ஜில்'லென்று ஏ.சி.யில் அதுகள். இந்தப் பக்கம் கசகசவென்று நாங்கள். என் சம்சாரம் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குடுத்து வெச்ச ஜென்மம். கரண்ட் பில் பத்திக் கவலையே இல்ல பாருங்க."

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். பெங்குவினுக்கு வேர்க்காது. எந்தப் பறவைக்குமே வியர்வைச் சுரப்பி கிடையாது. பின்னே எப்படிச் சமாளிக்கிறது? ஹம்போல்ட், ஆப்பிரிக்கப் பெங்குவின்களின் முகத்தில் இறகில்லாத ரோஸ் நிறத் தோல் இருக்கிறது. உடம்பு சூடானால் அங்கே ரத்தம் அதிகம் பாய்ந்து சூட்டை வெளியே தள்ளும். நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். துடுப்பு மாதிரி இருக்கும் சிறகை விரித்துக் காற்று வாங்கும். அப்புறம் வளைக்குள் போய்ப் படுத்துவிடும். யோசித்தால், மே மாசத்தில் நானும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறேன்.

இன்னொரு சமாசாரம். பெங்குவினுக்கு இனிப்பு ருசியே தெரியாது என்று 2015-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கசப்பும் தெரியாதாம். உப்பும் புளிப்பும் மட்டும்தான். சர்க்கரை வியாதிக்காரனான நான் இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. "அதுக்கு இருக்கிற சமத்து உங்களுக்கு இல்லையே" என்று உடனே பதில் வந்தது.

மெட்ராஸ் பெயர் வைத்த பெங்குவின்

ஜென்டூ பெங்குவின் என்று மேலே சொன்னேனே, அந்தப் பெயரைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'ஜென்டூ' நம்ம ஊர் வார்த்தை! போர்ச்சுகீஸியர்கள் வேற்று மதத்தவரைக் குறிக்க வைத்திருந்த 'ஜென்டியோ'வை, கம்பெனிக்கார வெள்ளைக்காரர்கள் 'ஜென்டூ' ஆக்கி இந்துக்களுக்குப் பெயராக வைத்தார்கள். 1776-ல் லண்டனில் அச்சான இந்து சட்டப் புத்தகத்துக்குப் பெயரே 'ஜென்டூ சட்டத் தொகுப்பு'தான். மெட்ராஸில் குறிப்பாகத் தெலுங்கு பேசுகிறவர்களை ஜென்டூ என்றார்கள். தெலுங்கு பாஷைக்கும் அதே பெயர்.

அது எப்படி பெங்குவினுக்குப் போயிற்று? சரியாகத் தெரியாது என்கிறார்கள். ஆனால் ஒரு விளக்கம் உண்டு. இந்தப் பெங்குவினுக்கு ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண் வரை தலைமேல் ஒரு வெள்ளைப் பட்டை. அது தலைப்பாகை மாதிரி இருந்ததால் யாரோ ஒரு மாலுமி வைத்த பெயராம்! இதை எதிர்வீட்டுத் தெலுங்குக்கார நண்பரிடம் சொன்னேன். பெருமையாகத் தலையை ஆட்டினார். "ஸ்பீடா நீந்துமா சார்?" "பெங்குவின்லயே வேகம் அதுதானாம். மணிக்கு 36 கிலோமீட்டர்." "மனவாடே!" என்றார்.

பாண்டிச்சேரிக்கும் இதில் பங்குண்டு. ஜென்டூவின் விஞ்ஞானப் பெயரில் 'பாபுவா' என்று ஒரு வால் இருக்கிறது. பாபுவா என்றால் நியூ கினியா. அந்தப் பக்கத்தில் பெங்குவினே கிடையாது! பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர், நியூ கினியா பயணம் என்று 1776-ல் ஒரு புத்தகம் போட்டார். அதில் அங்கே பெங்குவின் பார்த்ததாகப் படத்தோடு அளந்துவிட்டார். மனுஷன் நியூ கினியாவில் காலே வைக்கவில்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதை நம்பி 1781-ல் ஒருவர் 'பாபுவா' என்று பெயர் வைக்க, இன்றுவரை மாற்ற முடியவில்லை. இந்த சொன்னராதான் பிற்பாடு பாண்டிச்சேரியில் பல வருஷம் இருந்தவர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் விஞ்ஞானப் பெயரிலும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். புருடா விட்டாலும் பெயர் நிலைத்துவிட்டது பாருங்கள்!

கல் திருடன், குட்டித் தூக்கக்காரன்

மற்றவர்களையும் சட்டென்று பார்த்துவிடலாம்.

அடேலி: 1840-ல் அண்டார்க்டிகாவுக்குப் போன பிரெஞ்சுக் கப்பல் தலைவர் தூமோன் துர்வில், தான் கண்ட நிலத்துக்குத் தன் மனைவி அடேலின் பெயரை வைத்தார். அதிலிருந்து பறவைக்கும் அந்தப் பெயர். ("நீங்க ஒரு ஸ்கூட்டருக்காவது என் பேரை வெச்சிருப்பீங்களா?" - இது எங்கள் வீட்டு அடேல்.) கூழாங்கல் பொறுக்கிக் கூடு கட்டும். நல்ல கல்லுக்குத் தட்டுப்பாடு என்பதால் பக்கத்துக் கூட்டுக்காரன் அசந்த நேரம் அவன் கல்லை உருவிக்கொண்டு வந்துவிடும். கட்டட வேலை நடக்கும் தெருவில் மணலுக்கும் ஜல்லிக்கும் நடப்பதுதான்.

சின்ஸ்ட்ராப்: போலீஸ் தொப்பி வார் மாதிரித் தாடைக்கடியில் ஒரு கறுப்புக் கோடு. குஞ்சைக் காவல் காக்கும்போது நாலு நாலு செகண்டாக ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் தூங்கி விழிக்குமாம். கூட்டினால் பதினோரு மணி நேரம்! 2023-ல் வெளியான ஆராய்ச்சி. தாம்பரம் - பீச் ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறவர்கள் கவனிக்கவும்.

கிங்: குஞ்சு தவிட்டு நிறத்தில் கம்பளி போர்த்தினாற்போல் இருக்கும். அந்தக் காலத்து மாலுமிகள் அதைத் தனி ஜாதி என்று நினைத்துக் 'கம்பளிப் பெங்குவின்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

லிட்டில்: இருப்பதிலேயே சின்னது. ஓர் அடி உயரம், கிலோ கணக்கில் ஒன்று, ஒன்றரை. ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னத் தீவில் நரிகள் வந்து இவற்றைக் காலி பண்ண ஆரம்பித்ததும், 2006-லிருந்து ஆட்டு மந்தை காக்கும் நாய்களைப் பெங்குவினுக்குக் காவல் போட்டார்கள். பலித்தது.

நின்றுகொண்டே ஒரு தகப்பன்

எம்பரரை மட்டும் சட்டென்று தாண்ட முடியவில்லை.

நாலடி உயரம். பெரியது நாற்பது கிலோவையும் தாண்டும். அண்டார்க்டிகாவின் மற்ற வகைகள் வெயில் காலம் பார்த்து முட்டையிடும்போது, இது மட்டும் அண்டார்க்டிகாவின் கடுங்குளிர் காலத்தில் முட்டையிடுகிறது. ஒரே முட்டை. அதைத் தாய், தகப்பனின் பாதத்தின்மேல் உருட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். கைமாறும்போது கொஞ்ச நேரம் ஐஸில் கிடந்தாலும் முட்டை உறைந்துவிடும்.

அப்புறம் சுமார் 65 நாள். கூடு கிடையாது. முட்டையைப் பாதத்தில் ஏந்தி, அடிவயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு தகப்பன் நிற்கிறது. மைனஸ் நாற்பது டிகிரிக்கும் கீழே போகும் குளிர், கூடவே புயல் காற்று. சாப்பாடு கிடையாது. ஜோடி சேர வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய நாலு மாசப் பட்டினி. பாதி உடம்பு கரைந்துவிடும். தனியாக நின்றால் சாவு நிச்சயம். அதனால் எல்லாத் தகப்பன்களும் நெருக்கி அடித்துக்கொண்டு கூட்டமாக நிற்கின்றன. வெளி வரிசையில் காற்று வாங்கியது மெல்ல உள்ளே நகரும். உள்ளே இருந்தது வெளியே வரும். யாரும் விசில் ஊதுவதில்லை. தாய் திரும்புவதற்கு முன்னால் குஞ்சு பொரித்துவிட்டால், அந்தப் பட்டினியிலும் தன் தொண்டையில் சுரக்கும் பால் மாதிரியான ஒன்றைத் தகப்பன் ஊட்டும்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்தேன். வேறொரு ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

2015 டிசம்பர் 1. எங்கள் வீடு அடையாற்றுக் கரையிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. முதலில் சாக்கடை வழியாகத்தான் தண்ணீர் வந்தது. முழங்கால், இடுப்பு என்று ஏற, எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். படிக்கட்டு ரூமுக்குள் பதினோரு பேர். என் பேத்திக்கு அப்போது மூணு மாசம். பாலத்தில் போக்குவரத்து நின்றுபோய்ப் பெரியவன் கிண்டிப் பக்கம் மாட்டிக்கொண்டுவிட்டான். போனும் இல்லை. மருமகளுக்குக் கை மரத்துப்போனதும் குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். தரையெல்லாம் தண்ணீர், உட்கார வழியில்லை. சால்வைக்குள் மார்போடு வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றேன். சுற்றி எல்லோரும். கதவோரம் சாரலில் நனைந்தவர் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வருவார். உள்ளே இருந்தவர் பேசாமல் அங்கே போய் நிற்பார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மூணாம் நாள் காலை இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தான் பெரியவன். கையில் பால் பவுடர் டப்பாவும் ரெண்டு ரொட்டி பாக்கெட்டும். குழந்தையை அவனிடம் கொடுத்தபிறகுதான் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது.

ஒரே கடல்

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு முடிச்சு.

பெரு கரையில் சில வருஷங்களில் அந்தக் குளிர் நீரோட்டம் சோர்ந்துவிடும். காற்று தளர்ந்து, பசிபிக் கடலின் வெதுவெதுப்பான தண்ணீர் கிழக்கே பரவும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால் பெரு மீனவர்கள் குழந்தை ஏசுவின் பெயரால் 'எல் நினோ' என்றார்கள். நெத்திலி காணாமல் போகும். பெங்குவின் பட்டினி கிடக்கும். 1982-83 எல் நினோவில் காலபாகஸ் பெங்குவின்களில் ஏறக்குறைய முக்கால்வாசி அழிந்தன. 1997-98-ல் மறுபடி பெரிய அடி.

அதே எல் நினோ வருஷங்களில் நம் வடகிழக்குப் பருவமழை சாதாரணமாகக் கூடுதலாகப் பெய்யும். 2015-16, பதிவான எல் நினோக்களில் மிகப் பலமானவற்றில் ஒன்று! எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஏரித் தண்ணீர், அடைபட்ட கால்வாய், ஆற்றை நெருக்கிய கட்டடங்கள் என்று நம் கைவரிசையும் நிறைய. ஆனாலும் பூமியின் அந்தப் பக்கத்தில் பெங்குவினைப் பட்டினி போடும் கடல் சூட்டுக்கும் சைதாப்பேட்டை மொட்டை மாடிக்கும் ஒரு நூல் ஓடுகிறது என்று தெரிந்தபோது ஏ.சி.யிலும் கொஞ்சம் வேர்த்தது.

மற்ற இடங்களிலும் சேதி நன்றாக இல்லை. 2022 கடைசியில் அண்டார்க்டிகாவின் ஒரு பகுதியில் கடல் ஐஸ் சீக்கிரமே உடைந்து, அங்கிருந்த அஞ்சு எம்பரர் குடியிருப்புகளில் நாலில் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை என்கிறார்கள். தண்ணீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்பே காலடியில் தரை போய்விட்டது. கழுதை மாதிரிக் கத்தும் ஆப்பிரிக்கப் பெங்குவின், பத்தாயிரம் ஜோடிக்கும் கீழே வந்துவிட்டது. மத்தி மீனும் நெத்தலியும் கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் அதே ஆப்பிரிக்கப் பெங்குவின் விஷயத்தில் மனுஷன் நல்லதும் செய்திருக்கிறான். 2000 ஜூனில் கேப் டவுன் பக்கத்தில் 'டிரெஷர்' என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கொட்டியது. எண்ணெய் அப்பிய ஏறக்குறைய 19,000 பெங்குவின்களை ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னொரு 19,000 சொச்சத்தை லாரியில் ஏற்றி, பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விட்டார்கள். அதுகள் நீந்தி வீடு திரும்புவதற்குள் கரையைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கணக்கு. சரியாக வந்தது! டிசம்பர் வெள்ளத்தில் மீன்பிடிப் படகுகளோடு சென்னைத் தெருக்களில் வந்து நின்றவர்களைப் பார்த்தவனுக்கு இது ஆச்சரியமில்லை.

எல்லாவற்றையும் பேத்தியிடம் சொன்னேன். மொட்டை மாடிக் கதை உள்பட. கேட்டுவிட்டு அவள் வரைய உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஹம்போல்ட், பக்கத்தில் கள்ளிச்செடி, மேலே பெரிய சூரியன். தலைப்பாகையோடு ஒரு ஜென்டூ. (நிஜத் தலைப்பாகை. எதிர்வீட்டு மாமாவுக்காக.) ஓரத்தில் காலில் முட்டையை வைத்துக்கொண்டு ஓர் எம்பரர். அதற்கு மட்டும் எதற்கோ மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"பெங்குவினுக்கு ஏதுடா கண்ணாடி?"

"இது தாத்தா பெங்குவின்."

நான் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். வேர்வைதான்.

உள்ளேயிருந்து என் சம்சாரம் வந்தாள். ஐஸே இல்லாத சார்ட்டைப் பார்த்தாள். பிரிக்காமல் கிடந்த பஞ்சு ரோலைப் பார்த்தாள். "நல்ல வேளை, சாயங்காலம் விளக்குக்குத் திரிக்கு ஆச்சு" என்று எடுத்துக்கொண்டு போனாள்.